ஈர்ப்பை அளக்கும் கருவியும் அதன் பிழைகளும்

நம் தமிழ் மன்றத்தின் மலர்க் குழுவினர் இவ்வாண்டு என்னிடம் ஒரு விஞ்ஞானக் கட்டுரை கேட்டார்கள். “எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் கலைப் பிரிவு மாணவர்களுக்கும் புரியவேண்டும்” என்பது நிபந்தனை. நான் புவிப் பௌதிகத் துறையில் ஆராய்ச்சி செய்பவன். எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அது நான் சுமந்து திரியும் பெட்டி.

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதி வழியாகப் போகும்போது, “அண்ணே, அது என்ன, பழைய ரேடியோவா?” என்று தம்பிகள் கேட்பதுண்டு. “பூமியின் ஈர்ப்பை அளக்கும் கருவி, ஈர்ப்புமானி” என்று சொன்னால், உடனே அடுத்த கேள்வி வரும்: “அதுதான் 9.8 என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோமே! இன்னும் அளக்க என்ன இருக்கிறது?”

நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்வதே இக்கட்டுரையின் முதல் வேலை. அந்த விடையைத் தேடும் கருவி எப்படியெல்லாம் நம்மை ஏமாற்றக்கூடும், நான் எப்படி ஏமாந்தேன் என்பது இரண்டாவது வேலை.

இருபது கிலோ மூட்டையில் ஒரு மணி அரிசி

ஈர்ப்பின் அலகுக்குக் கலிலியோவின் நினைவாக ‘கேல்’ என்று பெயர். ஒரு கேல் என்பது விநாடிக்கு விநாடி 1 சென்டிமீட்டர் வேகம் கூடுதல். நாம் படித்த 9.8, இந்த அலகில் 980 ஆகும். ஆனால் அது எங்கும் ஒன்றாய் இருப்பதில்லை. நிலநடுக் கோட்டில் கடல் மட்டத்தில் சுமார் 978.03, துருவத்தில் சுமார் 983.22. பூமி சுழல்வதும், துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதும் இதற்குக் காரணங்கள்.

இந்தப் பெரிய வேற்றுமை எங்களுக்கு வேண்டியதில்லை. அதைக் கணக்கிட்டே கழித்துவிடலாம். நாங்கள் தேடுவது கேலில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிகேலையும், பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோகேலையும். காலடியில் உள்ள பாறை கனமானதா, லேசானதா, உள்ளே குகை உண்டா, தாதுப் பொருள் உண்டா என்பவையெல்லாம் அந்தச் சிறு எண்களில்தான் தெரியும்.

அந்தச் சிறுமையை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். இருபது கிலோ அரிசி மூட்டை ஒன்றைச் சுருள்வில் தராசில் தொங்கவிடுங்கள். ஈர்ப்பு ஒரு மில்லிகேல் கூடினால், தராசு அம்மூட்டையை ஏறத்தாழ 20 மில்லிகிராம் கூடுதலாகக் காட்டவேண்டும். அது ஒரே ஒரு மணி அரிசியின் எடை! என் பெட்டி ஒரு மில்லிகேலில் நூற்றில் ஒரு பங்கைப் படிக்க வல்லது. மூட்டையில் ஒரு மணி அரிசியை நூறாக நறுக்கி, ஒரு துணுக்கை மட்டும் சேர்த்தால் அதைக் கண்டுபிடிக்கவேண்டும் என்று கொள்ளுங்கள்.

உயரமும் இதில் சேரும். ஒரு மீட்டர் மேலே போனால் ஈர்ப்பு 0.3086 மில்லிகேல் குறைகிறது. தரையில் இருந்த கருவியை மேசைமேல் வைத்தாலே எண் மாறிவிடும். ஆகையால் கருவி தரைக்கு எத்தனை சென்டிமீட்டர் மேலே நின்றது என்பதையும் ஒவ்வொரு முறையும் அளந்து எழுதிக்கொள்கிறோம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

உள்ளே இருப்பது அடிப்படையில் ஒரு சுருள்வில்லும் ஒரு சிறு எடையுமே. ஈர்ப்பு கூடினால் எடை தாழும், குறைந்தால் எழும். கேட்க எளிது. ஆனால் 10 சென்டிமீட்டர் நீண்டு நிற்கும் சாதாரணச் சுருள்வில்லை ஒரு மில்லிகேல் எவ்வளவு நீட்டும் தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு.

இந்த முட்டுக்கட்டையைத் தாண்ட வழி கண்டவர் நம்மைப் போன்ற ஒரு மாணவர். அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்டு ராம்பர்க் என்ற ஆசிரியரிடம் படித்துவந்த லூசியன் லக்காஸ்ட், 1930-களின் தொடக்கத்தில் ஒரு புதுவகைச் சுருள்வில்லை அமைத்தார். அதன் இழுவிசை, அதன் நீட்சிக்கு ஏற்ப அமையாமல், அதன் முழு நீளத்துக்கும் ஏற்ப அமையும். அதைச் சாய்வாகக் கட்டி ஒரு கிடைக்கோலைத் தாங்கச் செய்தால், கோல் ஏறக்குறைய எந்த நிலையிலும் சமனாக நிற்கும். மிகச் சிறிய மாறுதலும் அதைப் பெரிதாக அசைத்துவிடும். அசைந்த கோலை ஒரு நுண்ணிய திருகினால் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, திருகு எவ்வளவு சுற்றியது என்பதைப் படிக்கிறோம். ஆசிரியர் மாணவர் இருவர் பெயரையும் தாங்கிய கருவிகள் பல நாடுகளில் பல பத்தாண்டுகள் உழைத்தன.

மாறுதலை இவ்வளவு எளிதாக உணரும் கோல் ஈர்ப்பை மட்டுமா உணரும்? வெப்பம், சாய்வு, காற்று, காந்தம், ஜீப்பின் குலுக்கல், தன் சொந்த முதுமை, எல்லாவற்றையும் உணரும். எல்லாவற்றையும் கூட்டி நமக்கு ஒரே ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணில் எது பூமியினுடையது, எது பெட்டியினுடையது என்று பிரித்தறிவதுதான் எங்கள் தொழில்.

இரண்டு வகைப் பிழைகள்

வீட்டில் அரிசியைப் படியால் அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். தலை தட்டி அளந்தாலும் ஒரு முறை பத்து மணி கூடும். மறுமுறை பத்து மணி குறையும். இது ஒழுங்கற்ற பிழை. நூறு படி அளந்தால் கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடு செய்துவிடும்.

ஆனால் படியின் அடி உள்ளே நசுங்கியிருந்தால்? ஒவ்வொரு படியும் குறையும். நூறு தடவை அளந்தாலும் ஆயிரம் தடவை அளந்தாலும் அந்தக் குறை தீராது. மேலும், எல்லா அளவுகளும் ஒன்றுக்கொன்று அழகாக ஒத்துப்போவதால் நமக்குச் சந்தேகமே எழாது. இது முறையான பிழை. படியைத் திருப்பிப் பார்த்தாலன்றி, அல்லது வேறொரு படியால் அளந்து பார்த்தாலன்றி இதைக் கண்டுபிடிக்க முடியாது. நுட்பமான கருவிகளில் நாங்கள் அஞ்சுவது இந்த இரண்டாவது வகையைத்தான்.

சாய்வு

கருவி முழு மட்டமாக நிற்கவேண்டும். அதற்காகவே அதில் இரண்டு ரசமட்டங்கள் உண்டு. ஒரு மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனைக்குக் கீழே ஓர் அஞ்சலட்டையைச் செருகினால் உண்டாகும் சாய்வு, ஏறக்குறைய ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒன்று. அந்தச் சாய்வே 0.04 மில்லிகேல் பிழை தரும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கிழக்கே சாய்ந்தாலும் மேற்கே சாய்ந்தாலும் கருவி ஈர்ப்பைக் குறைவாகவே காட்டும். ஒருபோதும் கூடுதலாகக் காட்டாது. ஆகவே சராசரி எடுத்து இதைத் தீர்க்க முடியாது. ரசமட்டமே தவறாக அமைந்திருந்தால் குமிழி நடுவில் நிற்கும். கருவி சாய்ந்தே நிற்கும். ஆதலால் வேண்டுமென்றே சிறிது சிறிதாகச் சாய்த்துப் பார்த்து, எண் உச்சமாக வரும் நிலையே உண்மையான மட்டம் என்று அவ்வப்போது சோதித்துக்கொள்கிறோம்.

வெப்பம்

சாதாரண எஃகுச் சுருள்வில் ஒரு பாகை சூடேறினால் அதன் விறைப்பு தளரும். அந்தத் தளர்ச்சி இருநூறு மில்லிகேலுக்கு மேற்பட்ட மாறுதல் போலத் தோன்றும்! நாம் தேடுவதோ நூற்றில் ஒரு மில்லிகேல். இதற்கு இரண்டு பரிகாரங்கள். ஒன்று, வெப்பத்தால் விறைப்பு அதிகம் மாறாத உலோகக் கலவையைப் பயன்படுத்துவது. இத்தகைய நிக்கல் எஃகுகளை ஆராய்ந்த கியோம் என்ற அறிஞருக்கு 1920-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. மற்றொன்று, பெட்டியின் உட்புறத்தை மின்சாரத்தால் ஒரே சூட்டில், பெரும்பாலும் 50 பாகையை ஒட்டி, எப்போதும் வைத்திருப்பது. அதனால்தான் நான் இரவில் உறங்கினாலும் என் பெட்டி உறங்குவதில்லை. மின்கலம் ஓர் இரவு தீர்ந்துபோனால் மறுநாள் வேலை கெட்டது. மறுபடி சூடேறி அமைதியடைய வெகு நேரம் பிடிக்கும்.

காற்றும் காந்தமும்

நீரில் மூழ்கிய பொருளைப் போலவே காற்றில் நிற்கும் பொருளும் சிறிது எடை இழக்கிறது. பித்தளை எடை ஒன்று காற்றில் இழப்பது சுமார் 140 மில்லிகேலுக்குச் சமம். காற்றின் அடர்த்தி நூற்றில் ஒரு பங்கு மாறினாலும் ஒரு மில்லிகேலுக்கு மேல் பிழை வந்துவிடும். ஒரு குன்றின்மேல் நூறு மீட்டர் ஏறினாலே அந்த அளவு மாறுகிறது. இதனால் கருவியைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுகிறார்கள். அடைப்பில் கசிவு ஏற்பட்டால், மலை ஏறுவதையெல்லாம் கருவி ஈர்ப்பின் மாறுதலாகவே எழுதிவைக்கும்.

உலோகச் சுருள்வில்லுக்குக் காந்தப் பிடிப்பும் உண்டு. பூமியின் காந்தம் அதைச் சிறிது இழுக்கும். கருவியைத் திருப்பி வைத்தால் எண் மாறும். கவசம் இட்டுத் தடுத்தாலும் முழுதும் போவதில்லை. ஆகவே எல்லா இடங்களிலும் கருவியை ஒரே திசை நோக்கி வைப்பது வழக்கம். உருகிய குவார்ட்சினால் செய்த சுருள்விற்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவற்றின் நழுவல் அதிகம். அது என்ன நழுவல் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

திருகு

எண்ணைப் படிப்பது திருகினால் என்றேன். எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும் திருகும் பல்சக்கரங்களும் துல்லிய வட்டமாக அமைவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் சிறிது கூடும். எதிரிடத்தில் சிறிது குறையும். அந்தப் பிழை சக்கரத்தோடு சேர்ந்து அலைபோல வந்து வந்து போகும். அன்றியும் திருகை வலமாகத் திருப்பி நிறுத்தினால் ஓர் எண்ணும், இடமாகத் திருப்பி நிறுத்தினால் வேறோர் எண்ணும் வரும். பற்களுக்கிடையே உள்ள தளர்ச்சியே காரணம். எனவே எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்துதான் கோட்டைத் தொடவேண்டும். ‘தாண்டிவிட்டால் திரும்பிப் போய் மறுபடி வா’ என்பது எங்கள் துறையில் முதல் நாள் பாடம்.

திருகின் ஓர் அலகு எத்தனை மில்லிகேல் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு தவறினால், நூறு மில்லிகேல் வித்தியாசமுள்ள இரண்டு ஊர்களுக்கிடையே 0.1 மில்லிகேல் பிழை வந்துவிடும். இதற்காக, ஈர்ப்பு முன்பே நன்றாகத் தெரிந்த இடங்களுக்குக் கருவியைக் கொண்டுபோய்ச் சரிபார்க்கிறார்கள்.

நழுவலும் தாவலும்

நீண்ட காலம் இழுபட்டே நிற்கும் சுருள்வில், கொடியில் தொங்கும் ஈரத் துணி போல, மெல்ல மெல்லத் தளர்கிறது. ஒரே இடத்தில் காலையிலும் மாலையிலும் அளந்தால் எண் வேறாக இருக்கும். இதுவே நழுவல்.

இதோடு சந்திரனும் சூரியனும் சேர்ந்துகொள்கின்றன. கடலில் ஏற்ற வற்றம் உண்டாக்கும் அவற்றின் இழுப்பு, நிலத்திலும் ஈர்ப்பை ஏறத்தாழ 0.3 மில்லிகேல் வரை ஏற்றி இறக்குகிறது. இது கருவியின் பிழையன்று, உண்மையான மாறுதல். ஆயினும் பாறையைத் தேடுபவனுக்கு இதுவும் இடைஞ்சல்தான். நல்லவேளையாக, சந்திரனும் சூரியனும் இருக்கும் இடம் தெரிந்தால் இதைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். 1959-ல் லாங்மன் என்பவர் வெளியிட்ட சூத்திரங்கள் இதற்குப் பெரிதும் பயன்பட்டன.

நழுவலுக்கு அத்தகைய சூத்திரம் இல்லை. ஒரே மருந்து, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வருவது. காலையில் அளந்த தளப்புள்ளிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து மறுபடி அளக்கவேண்டும். இடையில் ஏற்பட்ட வித்தியாசத்தை நேரத்துக்கு ஏற்ப இடையிலுள்ள புள்ளிகளுக்குப் பங்கிட்டுக் கழிக்கவேண்டும்.

இந்தப் பங்கீட்டில் ஒரு நம்பிக்கை மறைந்திருக்கிறது: கருவி ஒரே சீராகத்தான் நழுவியது என்ற நம்பிக்கை. ஆனால் கருவி ஓர் அதிர்ச்சியில் சட்டென்று ஒரு படி தாவிவிடவும் கூடும். நழுவலும் தாவலும் மாலையில் ஒரே மாதிரியான ஒற்றை எண்ணாகவே தெரியும். அங்கேதான் நான் விழுந்தேன்.

என் அனுபவம்

முதலாண்டு ஆராய்ச்சியின்போது ஒரு குளிர்காலத்தில், பாறை நிலத்தில் உள்ள ஒரு கிராமத்துக்கு அளவை வேலைக்காகச் சென்றேன். ஆழ்துளைக் கிணறு எங்கே போடலாம் என்று அவ்வூர்ப் பஞ்சாயத்தார் எங்கள் ஆசிரியரிடம் கேட்டிருந்தனர். முன்பு போட்ட ஒரு துளையில் நீர் கிடைக்கவில்லை. அடியிலுள்ள பாறையில் பிளவு ஏதேனும் இருந்தால் அங்கே நீர் தங்கியிருக்கலாம். அதைத் தேடிச் சாலை ஓரமாகப் பதினான்கு புள்ளிகளில் அளக்கவேண்டும்.

நண்பகலில் தளப்புள்ளிக்குத் திரும்பியிருக்கவேண்டும். நேரம் ஆகிவிடும், இருட்டுவதற்குள் முடிக்கவேண்டும் என்று எண்ணித் திரும்பாமலே மேலே சென்றேன். மாலையில் தளப்புள்ளிக்கு வந்து அளந்தபோது, சந்திர சூரியர் கணக்கைக் கழித்தபின்பும் 0.21 மில்லிகேல் வித்தியாசம் இருந்தது. என் கருவிக்கு ஒரு நாளைக்கு அது மிக அதிகம். ஆனாலும் ‘நழுவல்’ என்று பெயரிட்டுப் பதினான்கு புள்ளிகளுக்கும் சீராகப் பங்கிட்டுவிட்டேன்.

இரவில் விளக்கின்முன் அமர்ந்து வரைபடம் போட்டேன். என்ன அழகு! கோடு முதல் புள்ளியிலிருந்து மெல்லத் தாழ்ந்து ஏழாவது புள்ளியில் அடிமட்டம் தொட்டது. எட்டாவது புள்ளியில் ஒரே தாவலாக மேலே எழுந்தது. பிறகு மெல்ல இறங்கிச் சமனாயிற்று. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே பாறை பிளந்திருக்கிறது என்று பாடப் புத்தகத்தில் போட்ட படம் போலவே இருந்தது. எனக்கு உறக்கமே வரவில்லை. மறுநாள் காலை ஊரை விட்டுப் புறப்படுமுன், பஞ்சாயத்துப் பெரியவர் ஒருவரிடம் அந்த இடத்தைக் கைகாட்டியும் விட்டேன். அவர் அங்கே ஒரு கல்லை நட்டு, சுண்ணாம்பு பூசச் சொன்னார்.

துறைக்குத் திரும்பி வரைபடத்தை ஆசிரியரிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, “குறிப்பு நோட்டைக் காட்டு” என்றார். ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே நேரம், எண், உயரம் எல்லாம் இருந்தன. ‘விவரம்’ என்ற கடைசிப் பத்தி மட்டும் மேலிருந்து கீழ்வரை வெறுமையாய் இருந்தது.

“ஏழிலிருந்து எட்டுக்குப் போகும் வழியில் என்ன நடந்தது?”

“ஒன்றும் நடக்கவில்லை ஐயா.”

அவர் மேலும் என்னைக் கேட்கவில்லை. ஜீப் டிரைவரைக் கூப்பிட்டு அனுப்பினார். டிரைவர் வந்து யோசிக்காமலே சொன்னார்: அந்த இடத்தில்தான் ஒரு பாலத்தருகே வண்டி பள்ளத்தில் இறங்கி எழுந்தது; வண்டியின் பட்டைவில் ஒடிந்ததோ என்று தாம் இறங்கிப் பார்த்ததும் உண்டு. அப்பொழுது எனக்கு எல்லாம் நினைவு வந்தது. பெட்டி இருக்கையிலிருந்து சரிந்தது, நான் தாங்கிப் பிடித்தேன், உடையவில்லை என்று மகிழ்ந்தேன், எழுதவில்லை. தன் வண்டியின் வில்லைப்பற்றி அவருக்கு இருந்த கவலையில் பாதிகூட என் பெட்டியின் வில்லைப்பற்றி எனக்கு இல்லாமல் போயிற்று.

கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். நடுவழியில் 0.2 மில்லிகேல் தாவிய கருவியின் எண்களைச் சீரான நழுவல் என்று எண்ணிப் பங்கிட்டால், தாவலுக்கு முந்தைய புள்ளியில் 0.1 குறைவாகவும் பிந்தைய புள்ளியில் 0.1 கூடுதலாகவும் வரும். என் ‘பிளவு’ அணுவளவும் மாறாமல் அதுவேதான். பாறையில் இருந்ததாக நான் வரைந்த பிளவு, என் கணக்கில் இருந்த பிளவு.

அடுத்த வாரம் மீண்டும் சென்றோம். இம்முறை இரண்டு மணிக்கு ஒருமுறை தளப்புள்ளிக்குத் திரும்பினோம். கோடு ஏழிலும் எட்டிலும் எந்த மாறுதலுமின்றிச் சென்றது. சுண்ணாம்பு பூசிய கல்லினருகே நின்றுகொண்டு, “இங்கே தோண்ட வேண்டாம்” என்று அந்தப் பெரியவரிடம் நானே சொல்லவேண்டும் என்று ஆசிரியர் கட்டளையிட்டார். சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “போன வாரம் இருந்த தண்ணீர் இந்த வாரம் எங்கே போயிற்று?” என்று மட்டும் கேட்டார். அதற்கு நான் என்ன விடை சொல்ல?

பெரியவர்களும் தப்பவில்லை

திரும்பி வரும் வழியில், என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, ஆசிரியர் சில பழைய கதைகளைச் சொன்னார். அவற்றைப் பிறகு நானும் தேடிப் படித்தேன்.

1672-ல் பிரெஞ்சுக்காரரான ரிஷேர், தென் அமெரிக்காவில் நிலநடுக் கோட்டுக்கு அருகிலுள்ள கயேனுக்குச் சென்றார். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிஷம் பிந்தியது. வெப்பத்தால் ஊசல் நீண்டிருக்கும், கருவியின் பிழைதான் என்று எண்ணியவர்கள் உண்டு. வெப்பம் மட்டும் அவ்வளவு மாறுதலைச் செய்யாது என்று நியூட்டன் தம் நூலில் எடுத்துக்காட்டி, அங்கே ஈர்ப்பே குறைவு என்று நிறுவினார். பிழை என்று ஒதுக்கப்பட இருந்தது உண்மையாய் முடிந்தது.

இதற்கு நேர்மாறான கதை அடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈர்ப்பை ஊசலால் அளந்தார்கள். ஊசல் ஆடும் காலத்தைக் கொண்டு ஈர்ப்பைக் கணக்கிடலாம். 1875 முதல் அமெரிக்கரான சார்லஸ் பியர்ஸ் என்பவர் ஐரோப்பாவின் நகரங்கள் பலவற்றில் ஊசலை ஆட்டிப் பார்த்தார். ஊசல் ஆடும்போது அதைத் தாங்கும் பித்தளைத் தாங்கியும் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே ஆடுகிறது என்று அவர் கண்டார். தாங்கி இளகிக் கொடுத்தால் ஊசலின் ஆட்டம் மெதுவாகும்; ஈர்ப்பு குறைவாகத் தோன்றும். அவர் கணக்குப்படி விநாடி ஊசலின் நீளத்தில் இதனால் வந்த பிழை ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர், ஈர்ப்பில் அது சுமார் 200 மில்லிகேல். 1877-ல் ஸ்டுட்கார்ட்டு நகரில் கூடிய சர்வதேச மாநாட்டில் இதை எடுத்துரைத்தார். ஒரே வகைத் தாங்கியை எல்லாரும் பயன்படுத்தியவரை எல்லார் எண்களும் ஒத்துப்போயிருந்தன. நசுங்கிய படியின் கதைதான்!

நம் நாட்டிலும் இதன் நிழல் உண்டு. இந்திய நில அளவைத் துறையைச் சேர்ந்த பஸேவி என்பவர் 1865 முதல் நாடெங்கும் ஊசல் கொண்டு அளந்தார். 1871-ல் லடாக்கின் உயர்ந்த மலைப் பகுதியில் அந்த வேலையின்போதே உயிர் நீத்தார். தாங்கியின் ஆட்டம் அக்காலத்தில் கணக்கில் சேரவில்லை. 1903-க்குப் பின் லெனாக்ஸ் கானிங்ஹாம் புதிய ஊசல்களால் மீண்டும் அளந்தபோது பழைய எண்கள் திருத்தம் பெற்றன. உயிரைக் கொடுத்து எடுத்த அளவுகளையும் மீண்டும் அளக்கத்தான் வேண்டியிருந்தது. இந்தக் கதையைச் சொன்னபின் ஆசிரியர் வெகு நேரம் பேசவில்லை.

தாங்கியின் ஆட்டத்துக்கு அழகிய பரிகாரமும் உண்டு. இரண்டு ஊசல்களை ஒரே தாங்கியில் எதிர் எதிராக ஆடவிட்டால், ஒன்று இழுப்பதை மற்றொன்று ஈடு செய்துவிடும். ஆலந்து நாட்டின் சதுப்பு நிலத்தில் தரையே ஆடியதால் தொல்லைப்பட்ட வெனிங் மைனஸ், இந்த முறையை வளர்த்து, 1923 முதல் நீர்மூழ்கிக் கப்பலில் அமர்ந்து கடலிலும் ஈர்ப்பை அளந்தார்.

கடைசிக் கதை போட்ஸ்டாமைப் பற்றியது. ஜெர்மனியில் அவ்வூரில் 1898 முதல் 1904 வரை கூனன், பூர்ட்வாங்லர் என்ற இருவர் மிக்க பொறுமையோடு அளந்து, 981.274 கேல் என்று 1906-ல் வெளியிட்டனர். 3 மில்லிகேலுக்கு மேல் பிழை இராது என்பது அவர்கள் மதிப்பு. உலகமே அந்த எண்ணை அடிப்படையாக ஏற்றது. 1936-ல் வாஷிங்டனிலும் 1939-ல் இங்கிலாந்தின் டெடிங்டனிலும் தனித்தனியே அளந்தவர்களுக்குப் போட்ஸ்டாம் எண் அதிகமோ என்ற ஐயம் எழுந்தது. பிறகு ஊசலை விட்டுவிட்டு, வெற்றிடத்தில் பொருளை விழவிட்டே அளக்கும் முறை வளர்ந்தது. 1971-ல் உலக ஈர்ப்புத் தளங்களின் எண்கள் புதிதாக வகுக்கப்பட்டபோது போட்ஸ்டாமின் எண் ஏறத்தாழ 14 மில்லிகேல் குறைக்கப்பட்டது. அறுபதாண்டுகளுக்கு மேல் உலகம் முழுவதும் ஒரே பிழையைப் பகிர்ந்துகொண்டிருந்தது!

இன்றைய நிலை

இன்று ஒரு கண்ணாடிப் பட்டகத்தை வெற்றிடத்தில் சுமார் 20 சென்டிமீட்டர் விழவிட்டு, லேசர் ஒளியாலும் அணுக் கடிகாரத்தாலும் அதன் வீழ்ச்சியை அளக்கிறார்கள். இரண்டு மூன்று மைக்ரோகேல் வரை நுட்பம் கிடைக்கிறது. 2019 முதல் கிலோகிராமுக்கே புதிய விளக்கம் அளிக்கப்பட்டிருக்கிறது. அதை மின்விசையால் நிறுவும் தராசுக்கும் ஈர்ப்பு இந்த அளவு நுட்பமாகத் தெரிந்தாக வேண்டும்.

அக்கருவி ஈர்ப்பைச் சுருள்வில்லால் அளப்பதில்லை. ஆகையால் நழுவல் இல்லை. ஆனால் வேறு பிழைகள் வந்து சேர்ந்தன. விழும் பட்டகத்தைக் கருவியின் சொந்த உடலே ஒரு மைக்ரோகேல் அளவுக்கு இழுக்கிறதென்றும், லேசர் ஒளி சிறிது விரிந்து செல்வதாலும் ஒன்றிரண்டு மைக்ரோகேல் மாறுகிறதென்றும் பின்னாளில் உணர்ந்து திருத்தினர். இவற்றுக்கு மேலான கருவி ஏதுமில்லை. யாரிடம் சென்று சரிபார்ப்பது? அதனால் 1981 முதல், முதலில் பாரிசையடுத்த செவ்ரேயிலும் பின்னர் வேறு இடங்களிலும், பல நாட்டார் தம் கருவிகளைக் கொணர்ந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து ஒப்பிட்டு வருகின்றனர். மேலே கேட்க ஆளில்லாதபோது ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

முடிவாக

பௌதிகம், ரசாயனம், பொறியியல் என்று எந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தாலும் தம்பி தங்கையர்க்கு என் அனுபவத்திலிருந்து நான் சொல்லக்கூடியவை மூன்று. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி அளவுங்கள். எண்கள் அழகாக ஒத்துப்போகும்போது, எல்லாவற்றுக்கும் பொதுவான தாங்கி எது என்று கேளுங்கள். பயனற்றதாகத் தோன்றினாலும் ‘விவரம்’ என்ற பத்தியை நிரப்புங்கள்.

என் நோட்டில் அந்தப் பத்தி இப்போது நெருக்கமாக நிறைந்திருக்கிறது: ‘லாரி சென்றது’, ‘காற்று பலம்’, ‘குமிழி சிறிது நகர்ந்தது’, ‘பெட்டியை டிரைவர் எடுத்துத் தந்தார்’. பெரும்பாலானவை ஒருநாளும் பயன்படப் போவதில்லை. ஆனால் எது பயன்படும் என்பது அளக்கும்போது தெரிவதில்லை.

அந்தப் பெரியவரின் கேள்விக்கு இப்போது விடை தெரியும். போன வாரமும் அங்கே தண்ணீர் இருந்ததாகக் கருவி சொல்லவில்லை. பள்ளத்தில் விழுந்தேன் என்றுதான் அது சொன்னது. அதைத் தண்ணீர் என்று படித்தவன் நான்.